ஏழாம் நம்பர் துறை

நத்தையக்கா என்று ஊர் அவளுக்கு வைத்த பெயரில் கேலி பாதி, உண்மை பாதி. சுகாதார ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக அவள் செய்கிற வேலை அப்படி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை கையுறை, நீளக் கம்பின் நுனியில் ஒரு சல்லடை. ஊருக்குள் ஓடும் கால்வாயில் மக்கள் இறங்கிப் புழங்கும் துறைகள் மொத்தம் ஒன்பது. மாதம் ஒருமுறை ஒன்பதிலும் பாசியை அரித்து, பட்டாணி அளவு நத்தைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு வருவாள்.

"என்னக்கா, இன்னைக்கு வீட்ல விருந்தா?" என்று கரையில் நிற்பவர்கள் கேட்பார்கள்.

"வாங்க, உங்களுக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்" என்பாள்.

ஒவ்வொரு நத்தையையும் சுத்தமான தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயில் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். நோய் ஏறிய நத்தையாக இருந்தால் வெளிச்சம் பட்டதும் உள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத குட்டிப் புழுக்கள் வெளியே வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வால் இரண்டாகப் பிளந்திருக்கும். தண்ணீரில் நிற்கிற ஆளின் தோலைத் துளைத்து உள்ளே போய், வளர்ந்து, சிறுநீர்ப்பை பக்கத்து ரத்தக் குழாய்களில் குடும்பம் நடத்தி முட்டையிடும் ஜாதி அது. முட்டை அறுத்துக்கொண்டு வரும்போது சிறுநீரில் ரத்தம் வரும். அந்தச் சிறுநீர் மறுபடி கால்வாயில் கலந்தால் முட்டை பொரிந்து வரும் புழு அடுத்த நத்தையைத் தேடிப் போகும். இதில் நத்தை, வாடகை வாங்காத வீட்டுக்காரர். அவ்வளவுதான் அதன் பங்கு.

வேலை தொடங்கிய காலத்தில் பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளைச் சோதித்தால் அறுபது பேருக்கு முட்டை இருந்தது. வருடா வருடம் மாத்திரை கொடுத்து, கழிப்பறை கட்டி, குழாய்த் தண்ணீர் வந்தபின் இரண்டு மூன்று பேர் என்று இறங்கியது. எட்டுத் துறைகளில் நத்தைகள் சுத்தம். பம்பு ரூம் பக்கத்திலிருந்த ஏழாம் நம்பர் துறை மட்டும் அசையவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்தால் குணமாகும். ஆறு மாதத்தில் மறுபடி ரத்தம் போகும்.

"விஷ மருந்து ஊத்தி நத்தையை ஒழிச்சிடலாம். மேல இருந்து கேள்வி மேல கேள்வி" என்றார் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பான டாக்டர்.

"மீனும் சேர்ந்து சாகும் சார். நத்தை மூணு மாசத்துல திரும்பி வந்துடும். அதுக்கு நோயைக் குடுக்கறது நாமதான். யாரோ ஒருத்தர் விடாம அந்தத் தண்ணியில கலந்துக்கிட்டே இருக்காங்க."

"யாரு?"

"தெரியல. பெரியவங்களை நாம சோதிச்சதே இல்லையே."

டாக்டர் ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

மூடி போட்ட பிளாஸ்டிக் கப்புகளைப் பையில் நிரப்பிக்கொண்டு தெருவில் இறங்கினாள். முட்டை நிறைய இறங்குவது நடுப்பகலில்தான் என்பதால் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் வீடு வீடாகப் போக வேண்டும். அந்த நேரத்தில் கதவைத் தட்டிச் சிறுநீர் கேட்டால் யார் முகம் மலரும்? கெஞ்சி, மிரட்டி, சிரிக்கவைத்து இருபத்தொரு வீடுகளை முடித்தாள். அங்கங்கே ஒன்றிரண்டு முட்டைகள் கிடைத்தன. ஒரு துறையையே கெடுக்கிற அளவு எங்கும் இல்லை.

பாக்கி இருந்தது ஒரே வீடு. அவளுடைய சொந்த அண்ணன் வீடு.

அண்ணன் பம்பு ஆபரேட்டர். மோட்டாரைப் போடுவது, நிறுத்துவது, நீர் உறிஞ்சும் வாயில் உள்ள கம்பித் தடுப்பில் சேரும் பாசியை இறங்கி அள்ளுவது, இதெல்லாம் அவன் வேலை. இருபது வருடச் சர்வீஸ். அந்த வீட்டை அவள் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் அண்ணி. ஒன்றரை வருடமாக அண்ணிக்கு அடிவயிற்றில் வலி, நாள் கணக்கு இல்லாமல் ரத்தப்போக்கு. ஒரு தனியார் கிளினிக்கில் பார்த்துவிட்டு, ஆணும் பெண்ணும் சேர்வதால் வருகிற கெட்ட நோய் என்று ஊசி போட்டார்கள். குணமாகவில்லை. எனக்கு இல்லாத நோய் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அண்ணன் கேட்டான். அதன்பின் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பம்பு ரூமுக்கே போய்விட்டான். நத்தையக்காவும் அப்போது ஒருநாள், "அண்ணி, எதுவா இருந்தாலும் என்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்று கேட்டிருந்தாள். அண்ணி கதவைச் சாத்தியதும் நினைவில் இருந்தது.

இப்போது கப்பை நீட்டியதும் அண்ணி கசப்பாகச் சிரித்தாள்.

"என்கிட்டயா கேக்கற? இதுல கெட்டதைத் தவிர வேற என்ன இருக்கப் போகுது?"

"எல்லா வீட்லயும் வாங்கறேன் அண்ணி."

"அப்போ உங்க அண்ணன்கிட்டயும் வாங்கு. அவரும் இந்த வீட்டு ஆள்தானே, பேருக்கு."

ஆய்வுக்கூடத்தில் அண்ணியின் சிறுநீரை வடிகட்டி, அந்த வடிதாளைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். நீள்வட்டம், ஒரு நுனியில் முள். எழுந்து கை கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். அதே முட்டை. மொத்தம் நான்கு. பெண்ணுக்குச் சிறுநீர்ப்பையோடு நிற்காமல் கருப்பை வாயிலும் அது புண்ணாக்கும் என்று பயிற்சியில் படித்திருந்தாள். படித்தது படிப்பாகவே இருந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் ஊர்க் குழந்தைகளின் முட்டையை எண்ணியவளுக்குச் சொந்த அண்ணி தினமும் ஏழாம் துறையில் நின்று துணி துவைப்பது கண்ணில் படவில்லை.

அண்ணனிடம் கப் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "தண்ணியில வேலை செய்றவங்களுக்கு நடத்தின கேம்ப்ல மாத்திரை வாங்கி எப்பவோ முழுங்கியாச்சு, எனக்கு என்ன நோய்?" என்றே நின்றான். கடைசியில், "நீ குடுக்கலைன்னா டாக்டரே நேர்ல வந்து கேப்பாரு" என்றதும் கொடுத்தான். தகட்டில் நூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை பம்பு ரூமுக்குப் போனாள். மோட்டார் சத்தத்தில் பேச முடியாமல் அணைக்கச் சொன்னாள்.

"மாத்திரையை முழுங்கினியா இல்லையா?"

"முதல் தடவை வெறும் வயித்துல போட்டு குடலே வெளிய வந்துடுச்சு. அப்புறம் ரெண்டு கேம்ப்பும் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

"ரத்தம் போகுதா?"

"சின்ன வயசுல இருந்தே அப்பப்போ போகும். உடம்புச் சூடுன்னு விட்டுட்டேன். எல்லாருக்கும்தானே போகுது?"

"ஒண்ணுக்கு எங்க போவ?"

அவன் கம்பித் தடுப்பின் மேல் இருந்த பலகையைக் காட்டினான். "வீட்டுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள மோட்டாரை யாரு பாக்கறது?"

அந்தப் பலகையிலிருந்து ஏழாம் துறை பத்தே அடி. கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்பை மேசையில் வைத்து அவனைப் பார்க்க வைத்தாள்.

"இது உன்னோடது. அண்ணிக்கும் இதேதான் இருக்கு."

அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. "என்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சா?"

"ஆளுக்கு ஆள் ஒட்டாது. துணி துவைக்கிற தண்ணியில இருந்து ஏறியிருக்கு. அந்தத் தண்ணியில அதிகமா கலந்தது நீ."

"அப்போ அவ மேல..."

"ஒரு தப்பும் இல்ல. நீ நினைச்சதும் தப்பு. நான் கேட்டதும் தப்பு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தக் கதையாகிவிட்டது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அவளும் பின்னால் போனாள்.

வாசலில் நின்று அவன் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான்.

"ஒன்றரை வருஷமா என் கையால ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்கல நீங்க" என்றாள் அண்ணி. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "போதும். மாத்திரை எங்க குடுக்கறாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "அவருக்குப் புத்தி அவ்வளவுதான்னு தேத்திக்கிட்டேன். நீ படிச்சவ. நீ கேட்டதுதான் ரொம்ப வலிச்சுது."

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"பாப்போம்" என்றாள் அண்ணி.

நத்தையக்கா இருவரையும் வயிறாரச் சாப்பிடச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உயரம் அளந்து அண்ணனுக்கு நான்கு, அண்ணிக்கு மூன்று என்று பெரிய பெரிய மாத்திரைகள். நர்ஸ் எதிரிலேயே அண்ணன் ஒவ்வொன்றாக விழுங்கி, கேட்காமலே வாயைத் திறந்து காட்டினான்.

டாக்டர் விஷ மருந்துப் பேச்சை விட்டுவிட்டார். பம்பு ரூமை ஒட்டிக் கழிப்பறை வந்தது. பாசி அள்ள நீளக் கொக்கி வந்தது. அந்தத் தெருவில் பெரியவர்கள் எல்லாருக்கும் மாத்திரை, அதுவும் கண்முன்னால் விழுங்கினால்தான் கணக்கு. உடம்புக்குள் இன்னும் வளராத குட்டிப் புழுவை மாத்திரை கொல்லாது என்பதால் இரண்டு மாதம் கழித்து இன்னொரு சுற்றும் நடந்தது. துறையில் துணி துவைக்கக் கரைமேல் தொட்டி கட்டிக் குழாய் இழுத்தார்கள். எட்டு மாதம் கழித்து அங்கே அரித்த நூற்று அறுபது நத்தைகளை வெளிச்சத்தில் வைத்தபோது ஒன்றிலிருந்தும் எதுவும் வரவில்லை. "அடுத்த மாசமும் பாரு" என்றார் டாக்டர். பார்த்தாள். வரவில்லை.

அண்ணன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். அண்ணி சமைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். தானாக ஒரு வார்த்தை எடுப்பதில்லை. ரத்தப்போக்கு நின்றது. உள்ளே புண் ஆறிய தழும்பு அப்படியே இருக்கிறது, அது போகாது, வருடம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் மதியம் ஆய்வுக்கூட வாசலில் அண்ணி நின்றாள். பக்கத்தில் முகத்தைத் துணியால் மறைத்தபடி ஒரு பெண்.

"மூணாவது தெரு. இவளுக்கும் அதே கிளினிக், அதே ஊசி" என்றாள் அண்ணி. "வீட்டுக்காரர் பேசறதில்லையாம். ஒரு கப் எடு."

நத்தையக்கா அலமாரியைத் திறந்து கப்பை எடுத்துக் கொடுத்தாள். அந்த வருடம் அண்ணி அப்படிக் கூட்டிவந்தவர்கள் பதினொரு பேர்.