மாப்பிள்ளை வீட்டுத் துப்பாக்கிகள்

மாப்பிள்ளை வீட்டில் ஆட்கள் நாற்பத்தொரு பேர், துப்பாக்கிகள் ஐம்பத்தெட்டு. ஆட்களுக்குப் பத்திரிகை வைத்தாயிற்று, துப்பாக்கிகளுக்கு இன்னும் வைக்கவில்லை என்று ஹூஸ்டனிலிருந்து போன் வந்தது. அப்போது பூவலிங்கம் பாஸ்டனில் தன் அக்கா உலகம்மை வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு, பந்திக்கு எத்தனை இலை என்று காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

போனில் மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்திங்க. ஊர்ப்பட்ட பேருக்குப் பத்திரிக்கை வந்துருச்சு. எங்க வீட்டுப் பெரியவரு பேரைக் காணோமுங்க. அவரு ஒண்ணும் சொல்லலைங்க. ஆனா நேத்திலிருந்து சுவத்தப் பாத்துத்தான் உக்காந்திருக்காரு."

"அய்யோ, எங்க தப்புதான் சம்பந்தி. நானே நேர்ல வந்து அழைக்கேன்" என்றார் பூவலிங்கம். சொல்லும்போதே அவருக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மணப்பெண்ணான அக்கா மகள் தாரிணிக்கு அப்பா இல்லை. தாய்மாமனாகிய அவர்தான் அந்த இடத்தில் நின்று எல்லாவற்றையும் செய்கிறார். ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒரு கல்யாணம் முழுசாக அவர் கைக்கு வந்திருந்தது. இலை எண்ணிக்கையை அடித்து, ஐம்பத்தெட்டு இலை கூட்டி எழுதிவிட்டு விமான டிக்கெட் போட்டார்.

பாஸ்டனில் அவர் இருபத்தாறு வருடமாக இருக்கிறார். அங்கே துப்பாக்கி என்பது வீட்டைவிட்டு ஓடிப்போன சித்தப்பாவைப் போல. சில வீடுகளில் உண்டு. ஆனால் யாரும் பேச்செடுக்க மாட்டார்கள். விருந்தாளி வந்தால் மாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கீழே வந்து வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். ஹூஸ்டனில் அப்படி இல்லை. அங்கே துப்பாக்கிகள் காரில் முன் சீட்டில் உட்காரும். காய்கறிக் கடைக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, ஆட்களின் சௌக்கியத்தைக் கேட்ட கையோடு அவற்றின் சௌக்கியத்தையும் கேட்பார்.

மற்ற ஊர்ச் சொந்தங்களையும் பூவலிங்கம் ஒரு வழியாகப் பேசி முடித்தார். ஃபீனிக்ஸில் இருக்கும் நாச்சிமுத்துவின் தங்கை வீட்டுத் துப்பாக்கிகள் பத்திரிகையையே எதிர்பார்ப்பதில்லை. ஆள் கிளம்பினால் அவையும் இடுப்பில் ஏறிக் கிளம்பிவிடும். இந்த முறை ஆளுக்கே லீவு கிடைக்கவில்லை. நியூயார்க்கில் ஒரு துப்பாக்கி வருவதாகத்தான் இருந்தது. அதற்கு அனுமதிக் கடிதம் கிடைக்க எட்டு மாதமாகும், அதற்குள் வளைகாப்பே வந்துவிடும் என்பதால் வாழ்த்து அட்டை மட்டும் அனுப்பியது. சிகாகோவில் இருப்பவர் தன்னிடம் துப்பாக்கியே இல்லை என்றும், தனக்கு இரண்டு இலை போட்டால் போதும் என்றும் சொன்னார். அவர் தனியாள்.

ஹூஸ்டன் வீட்டில் பெரியவர் கூடத்து ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பழைய வேட்டைத் துப்பாக்கி. தேக்கு நிறத்தில் மரக்கட்டை, தோளில் மடித்துப் போட்ட வெள்ளைத் துண்டு. நாச்சிமுத்து அமெரிக்கா வந்த முதல் வருடத்தில் வாங்கியது.

"நான் இந்த வீட்டுக்கு வாரதுக்கு முன்னாடியே வந்தவருங்க. கல்யாணமாகி வந்ததும் முதல்ல இவரு கால்லதான் விழுந்தேன்" என்றாள் நாச்சிமுத்துவின் மனைவி ருக்மணி. காபியை இரண்டு டம்ளரில் கொண்டுவந்து, ஒன்றைப் பூவலிங்கத்திடமும் ஒன்றைப் பெரியவர் முன்னாலும் வைத்தாள்.

பூவலிங்கம் தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினார். வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. மரக்கட்டையில் சந்தனம் தொட்டு வைத்துக் குங்குமமும் இட்டார். "ஐயா, குடும்பத்தோட வந்து பிள்ளைகள ஆசீர்வாதம் பண்ணணும்" என்றார். பெரியவர் சுவரைப் பார்க்கத் திரும்பவில்லை. அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய காரியம் என்றாள் ருக்மணி. பூவலிங்கம் அன்று ஒன்பது வீடுகளில் மீதி ஐம்பத்தேழு துப்பாக்கிகளுக்கும் சந்தனம் வைத்துவிட்டு, விரல் நுனியெல்லாம் மஞ்சளாக ஊர் திரும்பினார்.

இடைஞ்சல் பாஸ்டனில்தான் காத்திருந்தது. கல்யாண மண்டபத்தின் நிர்வாகி திருமதி கீகன். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் பெண்மணி. அவள் விருந்தினர் பட்டியலைப் பொறுமையாகப் படித்து முடித்தாள்.

"துப்பாக்கி துப்பாக்கியாக உள்ளே வர முடியாது. வேறு ஏதாவதாக வரலாம். படிவத்தில் இருக்கிறது. குடை, கைத்தடி, மீன் தூண்டில். பெரும்பாலானவர்கள் குடையைத்தான் எழுதுகிறார்கள்."

பூவலிங்கம் குடை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே நாச்சிமுத்து கூப்பிட்டார்.

"எங்க பெரியவரு குடையா வரமாட்டாருங்க."

"பேருக்குத்தான் சம்பந்தி. வாசல் தாண்டுற மட்டும்."

"வாசல்லதானுங்க மரியாதையே இருக்குது. குடையாத்தான் வரோணும்னா, எங்களுக்கு இந்தக் கல்யாணமே யோசனையா இருக்குதுங்க."

முகூர்த்தத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உலகம்மை அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே விட்டாள். "ஏ பூவலிங்கம், எம் பிள்ளைக்குக் கையில மருதாணி வச்சாச்சுடே. இப்பம் போய் யோசனையா இருக்குங்காவளே" என்றாள். அவள் அழவில்லை. அழாததுதான் பூவலிங்கத்தை உலுக்கியது. அவர் அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்தார். குடை வேண்டாம். கைத்தடி அதைவிடக் கேவலம். நீளமாக இருக்க வேண்டும், மரத்தில் செய்ததாக இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கே முன்னால் நடந்து போகக்கூடிய மரியாதை இருக்க வேண்டும். நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று நின்றார்.

"யக்கா, நாதஸ்வரம்!"

ஹூஸ்டனிலிருந்து நாச்சிமுத்துவின் குரல் இளகி வந்தது. "பெரியவரு கேட்டுட்டே இருந்தாருங்க. நிமிந்து உக்காந்துட்டாரு."

பூவலிங்கம் காரை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பறந்தார். ஏற்கெனவே பேசி வைத்திருந்த மேளக்காரர்களை வழியிலேயே போனில் வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டு நாதஸ்வரம் வரும்போது மேலும் இரண்டு எதற்கு? திருமதி கீகன் குடையை அடித்துவிட்டு நாதஸ்வரம் என்று எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள்.

"ஒரே ஒரு விஷயம். எதுவாக உள்ளே வருகிறதோ அதன் வேலையை அது செய்தாக வேண்டும். குடையாக வந்தால் மழைக்கு விரிய வேண்டும். இசைக்கருவியாக வந்தால் வாசிக்க வேண்டும். உங்கள் சடங்கில் அதற்கென்று ஒரு நேரம் இருக்குமே?"

"இருக்கு. தாலி கட்டும்போது. ஐயர் விரலைத் தூக்கி 'கெட்டிமேளம்'னு சொல்லுவாரு. உடனே எல்லாரும் சேர்ந்து வாசிக்கணும்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்" என்று பூவலிங்கம் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு இரண்டு பேருந்துகள் மண்டப வாசலில் வந்து நின்றன. பூவலிங்கம் பட்டு வேட்டியில் நின்று ஒவ்வொருவர் மேலும் பன்னீர் தெளித்தார். நாற்பத்தொரு ஆட்கள் இறங்கினார்கள். பட்டு உறை போட்ட ஐம்பத்தெட்டு நாதஸ்வரங்கள் இறங்கின. சரிகை உறையில் பெரியவர் நாச்சிமுத்துவின் தோளில் வந்தார். எல்லாருக்கும் முன்னால் நாதஸ்வரங்கள், பின்னால் மாப்பிள்ளை கவின் மாலையும் கழுத்துமாக. பாஸ்டன்காரர்கள் எழுந்து வழிவிட்டார்கள். இப்படி ஒரு வரவேற்பை இந்த ஊர் பார்த்திருக்குமா என்று பூவலிங்கத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. முன்வரிசை முழுவதும் அவர்களுக்குத்தான். திருமதி கீகன் படிவமும் பேனாவுமாகத் தூண் பக்கத்தில் நின்றாள்.

ஒன்பதேகால் ஆயிற்று. அட்சதைத் தட்டு எடுத்துப்போகப் பிள்ளைகளைத் தேடினார் பூவலிங்கம். மண்டபத்தில் ஒரு பிள்ளை இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினார். அங்கே மேசைகளில் இலை போட்டிருந்தது. மேசை விரிப்பு தரைவரை தொங்கியது. பரிமாறுகிறவர்கள் குனிந்து, விரிப்பைத் தூக்கி, மேசைகளுக்கு அடியில் கேசரி வைத்துக்கொண்டு போனார்கள்.

பூவலிங்கமும் குனிந்தார்.

இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். ஹூஸ்டன் பிள்ளைகள் முன்வரிசைக்குப் போய் வணக்கம் சொல்லிவிட்டு வந்து மேசைக்கடியில் புகுந்திருந்தார்கள். பாஸ்டன் பிள்ளைகள் வணக்கம் சொல்லாமல் புகுந்திருந்தார்கள். மற்றபடி வித்தியாசமில்லை. எல்லாரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு, முதுகைச் சுவர்ப்பக்கம் கொடுத்து, ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பாவாடை சட்டை போட்ட ஹூஸ்டன் சிறுமி ஒருத்தி, பக்கத்திலிருந்த பாஸ்டன் சிறுமியிடம் கிசுகிசுத்தாள்.

"உன் ஷூல லைட் எரியுது. கழட்டிடு."

"தெரியும். துப்பாக்கி வந்தா இப்படித்தான் ஒளியணும்னு எங்க ஸ்கூல்லயும் சொல்லிக் குடுத்தாங்க. கொலுசு போட்டிருக்கியே, அது?"

ஹூஸ்டன் சிறுமி பாவாடையை விலக்கிக் காட்டினாள். கொலுசுக்குள் பஞ்சு அடைத்திருந்தாள்.

கல்யாணம் பேச ஆரம்பித்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு வழக்கமாவது இருக்காதா என்று உலகம்மை தேடிக்கொண்டிருந்தாள். சாம்பாரில் கூட ஒத்துவரவில்லை. பூவலிங்கம் விரிப்பைப் பிடித்தபடி, பொதுவான அந்த ஒரே வழக்கத்தை மேசைக்கடியில் பார்த்தார்.

"அட்சதைக்கு வாரியளா பிள்ளைகளா?"

ஹூஸ்டன் சிறுமி தலையாட்டி மறுத்தாள். "அவங்கல்லாம் வாசிச்சு முடிச்சப்புறம் வர்றோம் மாமா. ஐம்பத்தெட்டு பேரும் வாசிப்பாங்கதானே?"

எண்ணிக்கை அவளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

மண்டபத்திலிருந்து ஐயரின் குரல் கேட்டது. மாங்கல்யம் தட்டில் சுற்றி வந்துவிட்டது, எல்லாரும் தொட்டுக் கொடுத்தாயிற்று. பூவலிங்கம் எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை மேசை விளிம்பில் இடித்தது. ஓடினார். வேட்டி தடுக்கியது, மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். முன்வரிசையில் பட்டு உறைகள் எல்லாம் கழன்றிருந்தன. திருமதி கீகன் பேனா மூடியைத் திறந்திருந்தாள். மணவறையில் கவின் தாலியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். தாரிணி தலை குனிந்திருந்தாள். ஐயர் வாயைத் திறந்து, வலது கையின் ஆள்காட்டி விரலை மேலே தூக்கினார்.

பூவலிங்கம் மணவறையில் பாய்ந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

ஐயர் அவரைப் பார்த்தார். விரல் பூவலிங்கத்தின் கைக்குள் ஒரு தடவை அசைந்தது. அவர் இறுக்கிப் பிடித்தார்.

"சாமி, அந்த வார்த்தை வேண்டாம். மந்திரத்தை மட்டும் சொல்லுங்க. மெதுவா."

ஐயர் தயங்கி உலகம்மையைப் பார்த்தார். உலகம்மை தம்பியின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் புடைத்திருந்ததையும் பார்த்தாள். "அவன் சொன்னபடி செய்யுங்க சாமி" என்றாள்.

ஐயர் மந்திரத்தை உதட்டுக்குள் சொன்னார். மேளம் இல்லை. மணி அடிக்கவில்லை. யாரும் இருமக்கூட இல்லை. கவின் முதல் முடிச்சைப் போட்டபோது நூல் நூலோடு உரசுகிற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. இரண்டாவது முடிச்சு. மூன்றாவதை நாத்தனார் போட்டாள். சாப்பாட்டுக் கூடத்து மேசைகளுக்கடியிலிருந்து மெல்லிய குரல்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது தெளிவாகக் கேட்டது. அட்சதை விழுந்தது. அதற்கும் சத்தம் இருந்தது, சிறு தூறல் மாதிரி.

பூவலிங்கம் விரலை விட்டார். ஐயர் அதை உதறிக்கொண்டார்.

திருமதி கீகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தில் எழுதினாள். "அழைக்கப்படவில்லை. ஆகவே வாசிக்கவில்லை." கீழே முத்திரை குத்தினாள். "விதிப்படி சரிதான்" என்று அவரிடம் ஒரு நகலைக் கொடுத்தாள்.

இனி நாச்சிமுத்துதான். பூவலிங்கம் முன்வரிசைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாச்சிமுத்துவின் மடியில் பெரியவர் கிடந்தார். நாச்சிமுத்து குனிந்து சரிகை உறையை மறுபடி போட்டு, நாடாவை முடிந்தார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

"பெரியவருக்கு மனக்குறை ஏதாவது..."

"முப்பத்தோரு வருசமா எல்லா விசேசத்துக்கும் இவரோடதான் போறனுங்க" என்றார் நாச்சிமுத்து. "தாலி முடியற சத்தத்தை இன்னிக்குத்தானுங்க கேக்கறேன். என் கல்யாணத்துல கூடக் கேக்கலைங்க." உறையைத் தடவிக் கொடுத்தார். "பெரியவரு தூங்கிட்டாருங்க."

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு கும்பலாக. அவசரத்தில் செருப்புகளை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். ஹூஸ்டன் சிறுமி மின்னுகிற ஷூவில் ஓடினாள். பாஸ்டன் சிறுமி கையில் கொலுசை வைத்துக்கொண்டு, பஞ்சைப் பிடுங்கி எறிந்துகொண்டே துரத்தினாள். மண்டபமே சலங்கையாகிவிட்டது. "ஏ பூவலிங்கம், பந்திக்குக் கூப்பிடுடே" என்று உலகம்மை சிரித்துக்கொண்டே கத்தினாள். அவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கூப்பிட்டார். சிகாகோக்காரர் இரண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டையும் சுத்தமாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை, மணமக்கள் ஹூஸ்டன் கிளம்புகிற நேரத்தில், நகரசபையிலிருந்து ஒருவர் தோள்பையோடு வந்தார். பெண் வெளியூர் போனால் கூடவே ஒரு தெருவையும் அனுப்பிவைக்க வேண்டும், எந்தத் தெரு என்று கேட்டார். உலகம்மை யோசித்துவிட்டு, நூலகத்துக்குப் பின்னால், தாரிணி நடை பழகிய சின்னத் தெருவைச் சொன்னாள். இருபுறமும் மேப்பிள் மரம், கடைசியில் ஒரு சிக்னல். அவர் குறித்துக்கொண்டார்.

"மரங்களைத் தனியாகக் கட்ட வேண்டுமா?"

"வேண்டாம், தெருவோடயே இருக்கட்டும்" என்றார் பூவலிங்கம். தெருவுக்குப் போய், மடிப்பதற்காக அவர் அதன் ஒரு முனையைப் பிடித்தார், வந்தவர் மறுமுனையைப் பிடித்தார். சிக்னல் பச்சைக்கு மாறும்வரை இருவரும் காத்து நின்றார்கள். பச்சையில் மடித்தால் சுருக்கம் விழாது.