ஆத்தூருக்கு ஒரு வேன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கல்லூரி வாட்சப் குழுவில் ஒருவர் தன் படத்தை மாற்றியிருந்தார். கழுத்தில் மாலை. ஆள் போய்விட்டார் என்று நினைத்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் அறுபதாம் கல்யாணப் படம். நடந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் புளுகு.

2

திண்டுக்கல் சமவெளியில் பொழுது புலர்ந்துகொண்டிரு

(வேண்டாம். பொழுது எல்லா ஊரிலும்தான் புலர்கிறது.)

முத்துச்சாமிக்கு ஆத்தூரில் தென்னந்தோப்பு. திண்டுக்கல் கல்லூரியில் கூடப் படித்தவர்களைத் தேடிப்பிடித்துக் குழு தொடங்கியவர் அவர்தான். தினமும் காலை வணக்கம் போடுவார். ஆண்டுதோறும் ஒன்றுகூடலுக்கு அழைப்பார். எல்லோரும் கட்டைவிரல் படம் போடுவார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். போன வருடம் மண்டபத்தில் அவரும் சமையல்காரரும் மட்டும் சாப்பிட்டார்கள்.

3

அறுபதாம் கல்யாணத்துக்கு அவர் குழுவை அழைக்கவில்லை. அது முடிந்ததும் மகள் கௌசல்யா அவர் போனில் படத்தை மாற்றினாள். அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒரு முகம்தான் அடங்கியது. அம்மா வெளியே போனாள். அப்பாவும் மாலையும் உள்ளே. மறுநாள் காலை போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அவர் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

காலை வணக்கம் வரவில்லை. மாலை போட்ட படம் மட்டும் இருந்தது. சென்னையிலிருந்து பிராங்கிளின் 'ஆழ்ந்த இரங்கல்' என்றான். அவன் விசாரித்திருப்பான் என்று நம்பி மற்றவர்களும் தொடர்ந்தார்கள்.

(நம்ப முடியவில்லையா? உங்கள் குழுவில் கடைசியாக இரங்கல் தெரிவித்தபோது நீங்கள் யாரிடம் விசாரித்தீர்கள்?)

4

மதியம் போனைப் பார்த்தவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. 'நான் இன்னும் சாகலப்பா' என்று தட்டினார். அனுப்புமுன் மற்றதையெல்லாம் படித்தார். ஹாஸ்டலில் தான் காய்ச்சலில் கிடந்தபோது அவர் கஞ்சி வாங்கி வந்து ஊட்டியதை ஒருவன் எழுதியிருந்தான். அவரே மறந்துபோன விஷயம். கடைசியில் பிராங்கிளின்: "ஞாயித்துக்கிழமை வேன் பேசியாச்சு. எல்லாரும் ஆத்தூர் போறோம். வரலைன்னு யாரும் சொல்லக் கூடாது."

யாரும் சொல்லவில்லை.

தட்டியதை அழித்தார். சொல்லிவிட்டால் குழு முழுக்கச் சிரிக்கும், வேன் நின்றுபோகும். சொல்லாவிட்டால் எல்லோரும் வருவார்கள், மாலையோடு. அவருக்கு அழுகை வந்தது. எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்தது. விவரமான மனிதர் இப்படியெல்லாம் யோசிப்பாரா? காலியான மண்டபத்தில் சாப்பிட்டவர் யோசிப்பார்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், வேன் வந்து நிற்கிறது, அவர் இலை போட்டு விருந்து வைக்கிறார், எல்லோரும் கட்டிப்பிடித்து... பொய். இன்னொன்றில், ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் நிஜமாகவே... அதற்கு மனம் வரவில்லை.

ஆகவே போனை அடிக்க வைத்தேன். ஆனந்தமேரி. ஓய்வுபெற்ற டீச்சர், கல்லூரியில் அவருக்குப் பக்கத்து பெஞ்சு.

"முத்துச்சாமி வீடுங்களா? நான் அவரு கூட காலேஜ்ல படிச்ச ஆனந்தமேரி. ஞாயித்துக்கிழமை நாங்கல்லாம் வாரோம், கொஞ்சம் வழி சொல்லுங்க."

"ஆனந்தமேரி, நான்தான்."

"நான்தான்னா? நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அவருடைய குரல் அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடக் காலை வணக்கத்தில் இருவரும் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

"தம்பிங்களா?" என்றாள். "இருக்கையில ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம். கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாரு." அவள் அழுதாள்.

அவர் அடுத்துச் சொல்வதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. போன் இன்னும் அவர் காதில்தான் இருக்கிறது. "நீங்க யாருன்னு சொல்லலையே" என்று மறுபடி கேட்கிறாள். நீங்களே ஏதாவது சொல்லுங்கள்.