தகப்பன் சொல்ல வேண்டிய பதில்

மனைவி இறந்து நான்கு மாதம். குழந்தைக்கும் நான்கு மாதம்.

சனிக்கிழமை மத்தியானம் மச்சான் வந்தார். அவளுடைய அண்ணன், சபைச் செயலாளர். நான் பால் புட்டிகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு ஆலயத்துல போதகர் கேக்குறது மூணு கேள்வி மாப்பிள்ளை. பிள்ளை பேரென்ன, ஞானஸ்நானம் வேணுமா, நீங்க விசுவாசிக்கிறீங்களா. மூணாவதுலதான் எனக்குப் பயம்."

"அதைச் சொல்ல முடியாது மச்சான்."

"ஏன், நாக்குல சுளுக்கா?"

"சொன்னா பொய்."

"ஒரே வார்த்தை. சொல்லிட்டு வீட்டுல உட்கார்ந்து ஆற அமர யோசிங்க. தாய் இல்லேன்னா தகப்பன் சொல்லணும். சபை விதி அது."

பரிசோதனைக்கூடத்தில் வேலை எனக்கு. செய்யாத சோதனைக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் இந்த ஞானஸ்நானம் அவள் கேட்டது. பிரசவ வார்டில், காய்ச்சல் ஏறிய இரண்டாம் நாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

"சொல்லலேன்னா?"

"பிள்ளையைத் தூக்கிட்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். தங்கச்சி பிள்ளைன்னு விதியை வளைச்சா சபை என்னைச் சும்மா விடுமா?"

ஞாயிறு காலை. குழந்தை என் தோளில். போதகர் கேட்டார். முதல் இரண்டுக்கும் பதில் சொன்னேன். மூன்றாவது கேள்வி வந்தது. முன்வரிசையில் மச்சான், நாடகத்தில் வசனம் எடுத்துக் கொடுப்பவர் மாதிரி உதட்டை அசைத்துக் காட்டினார்.

"நம்ப முடியலை ஐயா," என்றேன். "ஆனா இவளுக்குக் குடுங்க. இவ அம்மா கேட்டது இது."

மச்சான் எழுந்தார். "ஐயா, விதிப்படி..."

"நில்லுங்க செயலாளரே, உட்காராதீங்க," என்றார் போதகர். "கூரையைப் பிரிச்சு ஒரு நோயாளியைக் கட்டிலோட இயேசு முன்னால இறக்கினாங்களே, ஆண்டவர் அவனை ஏதாவது கேள்வி கேட்டாரா?"

"இல்லை."

"யாரோட விசுவாசத்தைப் பார்த்தார்?"

மச்சானுக்கு வேதம் தலைகீழ்ப் பாடம். "தூக்கிட்டு வந்தவங்களோடதை."

"அப்ப, இவரைத் தூக்க யாரு இருக்கா?"

மச்சான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். போதகர் அதே கேள்வியை அவரிடம் கேட்டார்.

"விசு..." என்றார். நின்றுவிட்டது. தொண்டையைச் செருமினார். தங்கையின் அடக்கத்தில் சவப்பெட்டியை யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று வரிசை சொல்லிக்கொண்டிருந்தவர். அன்று அவர் அழுது நான் பார்க்கவில்லை. இரண்டாம் முறையும் குரல் வரவில்லை. போதகர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். மூன்றாம் முறை சொன்னார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது.

போதகர் குழந்தையை வாங்கித் தலையில் தண்ணீர் ஊற்றினார். அவள் வீறிட்டாள்.

"மெதுவா ஐயா, ஜில்லுனு இருக்கு," என்றார் மச்சான். துண்டை என்னிடம் நீட்டினார்.

துடைத்தேன். நெற்றி, காதோரம், கழுத்து மடிப்பு.