மேல்மாடி காலி

எங்கள் பேண்டு ஆரம்பமானது ஒரு லிஃப்டுக்குள். அப்போது நான் ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது மாடியில் பொய்ப்பல் செய்யும் கூடம் ஒன்று. அங்கே வேலை பார்த்தவனை வளாகத்தில் எல்லோரும் பல்லு என்றே கூப்பிடுவார்கள். பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம். ஒரு மத்தியானம் இரண்டு பேரும் ஏறிய லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோனது.

விளக்கும் அணைந்தது. பல்லுவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. "எனக்கு அடைச்ச இடம் ஆகாது, ஏதாவது பேசுங்களேன்," என்றான். எனக்கு வேண்டிய நேரத்தில் பேச்சு வராது. சுவரைத் தட்டினேன். அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டு அவன் ஏதோ ஒரு மெட்டை முனக ஆரம்பித்தான். அவனே போட்டதாம், பல்லுக்கு மெழுகு உருக்கும்போது வந்ததாம். பயம் போக அதையே திரும்பத் திரும்ப முனகினோம்.

ஒருவழியாக யாரோ கதவை நெம்பித் திறந்தார்கள். மேலேயிருந்து பெரிய உடம்புக்காரர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக். கையில் இருந்த ஸ்பேனரால் இன்னமும் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா பாடுறீங்கப்பா. முதல்ல அந்தம்மாவை ஏத்தி விடுங்க," என்றார்.

"எந்தம்மா?"

"பாடினாங்களே, அவங்க."

"நாங்க ரெண்டு பேருதான் சார்."

அவர் டார்ச்சை மூலைக்கு மூலை அடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் எங்களைத் தூக்கிவிட்ட பிறகும் அவர் குனிந்து அந்தக் காலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தபோது பேச்சு வாக்கில் எல்லாம் வெளியே வந்தது. பல்லுவிடம் ஒரு கிட்டார் இருந்தது. மெக்கானிக் கல்யாணத்துக்கு முன்னால் டிரம்ஸ் வாசித்தவர். எனக்கு ஒன்றும் தெரியாது. யாருக்கும் வேண்டாத பேஸ் கிட்டார் என் தலையில் விழுந்தது. "நாலு கம்பிதான் தம்பி, உன்னால முடியும்," என்றார் மெக்கானிக். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ஸ்பேனர் அண்ணன்.

வளாகத்தின் மேல்மாடியில் முன்பு ஒரு கால் சென்டர் இருந்தது. காலி செய்துகொண்டு போனபோது மேசைகளையும் தடுப்புகளையும் அப்படியே விட்டுவிட்டார்கள். தரை, சுவர் எல்லாம் கம்பளம். அங்கே கையைத் தட்டினால் சத்தம் கைக்குள்ளேயே செத்துவிடும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஹெட்ஃபோன் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லு சாவி வாங்கி வருவான். மேல்மாடி காலி என்று யாரோ கேலி செய்ததையே பேண்டுக்குப் பெயராக வைத்துக்கொண்டோம். எங்கள் மூவரின் மண்டைக்கும் அது பொருந்தியது. சினிமாப் பாட்டு கிடையாது, சொந்தப் பாட்டு மட்டும்தான் என்பது பல்லு போட்ட சட்டம்.

குறை ஒன்றுதான். பாட ஆள் இல்லை. பல்லு பாடினால் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும். நான் பாடினால் அதுவும் இருக்காது.

ஒரு ஞாயிறு எங்கள் அண்ணி வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, என்னிடம் இருந்த இன்னொன்றை வாங்க மேலே வந்தார். அண்ணிக்கு ஒரு பெரிய சலவைக் கூடத்தில் வேலை. விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகியதால், அவர் வீட்டில் உப்பு கேட்டாலும் தெருவுக்கே கேட்கும். நாங்கள் அந்த லிஃப்ட் மெட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தோம். அண்ணி கண்ணாடிக் கதவருகே நின்று கேட்டார். பிறகு உள்ளே வந்து, யாரும் கேட்காமலே, மைக் முன்னால் நின்று பாடினார். ஈரத் துணி, நீராவி, ஜன்னல் இல்லாத சுவர் என்று என்னென்னவோ சொற்கள். எல்லாம் மெட்டில் அச்சாக உட்கார்ந்தன.

தாளம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். ஸ்பேனர் அண்ணன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னண்ணே?"

"இந்தக் குரல்தான் தம்பி. அன்னைக்கு லிஃப்டுக்குள்ள கேட்டது. இதே வார்த்தைங்க. நீராவின்னு வந்துச்சே, அப்ப எனக்குப் புரியலை."

அண்ணிக்கு விஷயம் தெரியாது. சொன்னோம். "நான் அன்னைக்கு வேலையில இருந்திருப்பேன். இந்த வார்த்தையெல்லாம் இப்ப வாயில வந்ததுதான். காதைக் காட்டுங்க டாக்டர்கிட்ட," என்று சிரித்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் தானாகவே வந்தார். பாட ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நாங்கள் வேறெதையும் கிளறவில்லை.

பதிவு செய்யத் தொடங்கியபோதுதான் வினை வந்தது. பல்லு ஃபோனை ஒரு மேசைமேல் வைத்துப் பதிந்தான். போட்டுக் கேட்டோம். கிட்டார் இருந்தது, டிரம்ஸ் இருந்தது, என் தப்புத் தாளம்கூட இருந்தது. அண்ணியின் குரல் மட்டும் இல்லை. அவர் பாடிய இடங்களில் கம்பள அறையின் மொட்டை அமைதி. பாட்டு முடிந்து, "தண்ணி இருக்கா?" என்று அவர் கேட்டது மட்டும் தெளிவாகப் பதிந்திருந்தது.

மைக்கை மாற்றினோம். ஃபோனை மாற்றினோம். மைக்கே இல்லாமல் அண்ணியை ஃபோனுக்கு நேராக நிறுத்திப் பாட வைத்தோம். நாங்கள் வாசித்து அவர் பாடினால் போதும், குரல் காணாமல் போனது. பாட்டுக்கு நடுவில் அவர் சிரித்தால் அந்தச் சிரிப்பும் போனது.

"அப்ப எங்கதான் போகுது?" என்றான் பல்லு.

ஸ்பேனர் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "போற இடம் எனக்குத் தெரியும்ல. நான்தான் ஏற்கெனவே கேட்டுட்டேனே."

அவர் சொன்னதன் அர்த்தம் உறைக்கச் சற்று நேரமானது. அண்ணி பாடுவது காலத்தில் பின்னால் போகிறது. நாங்கள் ஒருவரை ஒருவர் அறியாத ஒரு மத்தியானத்துக்குப் போகிறது. வரிசையாகத் தொங்கிய ஹெட்ஃபோன்களைப் பார்க்க எனக்கு அப்போதுதான் முதல் முறையாகப் பயமாக இருந்தது.

அண்ணி மைக்கை அணைத்தார். "யாரு காதுல விழுதுன்னு தெரியாம எப்படிப் பாடுறது? யாராவது பயந்து மாடியிலேருந்து விழுந்துட்டா? வேண்டாம்பா, என்னை விட்டுடுங்க," என்றார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வீட்டிலும் சத்தம் குறைந்துவிட்டது. உப்பை எழுந்துபோய்த் தானே எடுத்துக்கொண்டார். பார்சல் வண்டி ஓட்டும் என் அண்ணன் பேச்சில் கஞ்சன். ஆனால் இந்த மாற்றம் அவரையே பேச வைத்தது. ஒரு சாயங்காலம் சமையலறையில் அண்ணி வெங்காயம் உரிக்க, நான் தட்டு துடைத்துக்கொண்டிருக்க, அண்ணன் வாசலில் சாய்ந்து நின்று கேட்டார். "ஏன் பாட்டை விட்டுட்டே?"

அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குச் சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு," என்றார். "அம்மா இவனைத் தூக்கிக்கிட்டு மருந்து வாங்கப் போயிருந்தாங்க. வீட்டுல நான் மட்டும். கதவுக்குப் பின்னாடி யாரோ ஒரு பொம்பளை பாடினாங்க."

அண்ணியின் கை நின்றது.

"எந்திரிச்சுப் பார்த்தா யாரும் இல்ல. படுத்தா திரும்பக் கேட்குது. யார்கிட்டயும் சொன்னதில்ல. காய்ச்சல்ல உளர்றான்னு சொல்வாங்க." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அப்புறம் பெரியவனாகி, ஒரு நாள் பார்சல் ஆபீஸ்ல நிக்கிறேன். பின்னாடி ஒருத்தி, வரிசையில புகுந்த ஆளைப் பிடிச்சுக் கத்திக்கிட்டிருந்தா. அதே குரல். திரும்பிப் பார்த்தேன்."

"அதான் அன்னைக்கு அப்படி முழிச்சீங்களா? என் முகத்தைப் பார்த்துத்தான் மயங்கிட்டீங்கன்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருக்கேன்!" என்றார் அண்ணி.

"முகமும்தான்," என்றார் அண்ணன்.

"பயமா இருந்துச்சா? அந்தக் காய்ச்சல் அன்னைக்கு?"

"இருந்துச்சு. ஆனா அது நின்னப்பதான் ரொம்பப் பயமா இருந்துச்சு."

"என்ன பாட்டு அது?" என்று கேட்டார் அண்ணி.

அண்ணன் முனகிக் காட்டினார். கூச்சத்தோடு, சுருதியில்லாமல். வெயில் இன்னும் தரையில இருக்கு, நீ எழுந்திரிக்க வேண்டாம் என்று ஒரு வரி வந்தது. எங்களிடம் அப்படி ஒரு பாட்டே இல்லை. அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இன்னும் பாடாத பாட்டு அது.

"அப்ப நான் பாடாம விட்டா அந்தப் பிள்ளை தனியாக் கிடக்கும்," என்றார் அண்ணி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயத்தைத் திட்டினார்.

அந்த ஞாயிறு அண்ணனையும் இழுத்துக்கொண்டு மேல்மாடிக்கு வந்தார். அண்ணன் முனக முனகப் பல்லு கிட்டாரில் தேடினான். ஸ்பேனர் அண்ணன் தாளத்தைக் காய்ச்சல்கார வீட்டுக்கு ஏற்ற மாதிரி மெதுவாக்கினார். "இதை எழுதினது யாருன்னு கேட்டா என்ன சொல்றது?" என்று பல்லு குழம்பினான். "அதை அப்புறம் குழம்பலாம், இப்ப வாசி," என்றார் அண்ணி. ஆனால் ஒத்திகையில் அவர் வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள்ளேயே பாடிப் பார்த்தார். வீணாகப் போய்விடக் கூடாதாம்.

எங்கள் முதல் நிகழ்ச்சி ஒரு சைக்கிள் கடைத் திறப்பு விழாவில் நடந்தது. சாயங்கால வெயில். கூட்டம் என்று சொல்ல முடியாது, சைக்கிள் பார்க்க வந்தவர்கள்தான். ஒருவர் சினிமாப் பாட்டு கேட்டார். பல்லு முறைத்தான். கடைசியாக அந்தப் பாட்டைத் தொடங்கினோம். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, கூட்டத்துக்கு இல்லாமல், வேறு எங்கோ பக்கத்தில் படுத்திருக்கும் ஒருவருக்குச் சொல்வதுபோலப் பாடினார். கூட்டத்தின் ஓரத்தில் அண்ணன் நின்றிருந்தார். வெயில் தரையில் இருக்கும் வரி வந்தபோது அவர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பதிவைப் போட்டுப் பார்த்தோம். குரல் இல்லை. இந்த முறை யாரும் பயப்படவில்லை. "போய்ச் சேர்ந்துடுச்சு," என்றார் அண்ணி.

அதன்பிறகு நிறைய இடங்களில் வாசித்துவிட்டோம். சி.டி. இல்லையா, இணையத்தில் இல்லையா என்று கேட்பார்கள். நேரில் வந்து கேளுங்கள் என்போம். இண்டி பேண்டு என்றால் இப்படித்தான் திமிராக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் மத்தியானம் கடையில் நான் மட்டும் இருந்தேன். சக்கரத்தில் ஒரு லென்ஸின் விளிம்பைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கு அடியில் அண்ணியின் குரல் கேட்டது. வந்துவிட்டாரோ என்று வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. குரல் தேய்ந்து, கரகரத்து, நன்றாக வயதாகியிருந்தது. பாட்டுக்கு நடுவே எங்களை அறிமுகம் செய்வாரே, அது நடந்துகொண்டிருந்தது.

"கிட்டார்ல நம்ம பல்லு," என்றது குரல். "டிரம்ஸ்ல ஸ்பேனர் அண்ணன், உட்கார்ந்தா எழுந்திரிக்கத்தான் ரெண்டு ஆள் வேணும்." பிறகு பேஸ் கிட்டாருக்கு ஒரு பெயரைச் சொன்னது. நான் கேள்விப்பட்டே இராத பெயர்.

லென்ஸ் விளிம்பு உடைந்தது. சக்கரத்தை நிறுத்தினேன். குரல் நிற்கவில்லை. பாட்டுக்குத் திரும்பி, கடைசிவரை பாடியது. நான் சுவரில் சாய்ந்து நின்று முழுவதும் கேட்டேன். இதுவரை நாங்கள் வாசித்த எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. அப்படி ஒரு பாட்டு.

அந்த நாளுக்குள் எனக்குக் கை வலி வந்திருக்கலாம். வேறு ஊருக்குப் போயிருக்கலாம். அண்ணியோடு சண்டை போட்டிருக்கலாம். இப்படி எல்லாவற்றையும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று ஞாயிறு. எல்லோருக்கும் முன்னால் மேல்மாடிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அண்ணி வந்ததும், "என்ன கொழுந்தனாரே, முகம் வெளுத்துக் கிடக்கு?" என்றார்.

"சாப்பிடலை அண்ணி."

பல்லு கிட்டாரைச் சுருதி சேர்த்தபடி, புதுசாக ஏதாவது வேண்டும், பழையதையே எத்தனை நாள் ஓட்டுவது என்று புலம்பினான். யாரிடமும் ஒன்றும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நான் சொல்லாவிட்டால் அந்தப் பாட்டு வராமலே போகுமா, அந்த நாளும் வராமல் போகுமா? தெரியவில்லை. ஆனால் ஒரு வாரமாக அது என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தூங்க விடவில்லை. அவ்வளவு நல்ல பாட்டை எத்தனை நாள்தான் உள்ளேயே பூட்டி வைப்பது?

முதல் வரியை முனகினேன். பல்லு தலையைத் தூக்கினான். ஸ்பேனர் அண்ணன் குச்சியை எடுத்தார். அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இது எங்க கேட்டே?"

"கேட்கலை அண்ணி. நானே போட்டது."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. பக்கத்தில் வந்து என் தோளில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. "ரொம்ப நல்லா இருக்கு. இன்னைக்கே முடிச்சுடலாமா?" என்றான் பல்லு.

"அவசரம் இல்லடா. கஷ்டமான பாட்டு. மெதுவாக் கத்துக்கலாம்," என்றேன்.