கணக்கில் வராத பதினெட்டு பேர்

கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையோரம் நிற்கும் அந்தத் தனியார் மருத்துவமனைக்குத் திடீரென்று ஆராய்ச்சி ஆசை பிறந்தது. தரச் சான்றிதழ் தருவதற்கு வருகிறவர்கள், உங்கள் நர்சுகள் ஆய்வுக் கட்டுரை படிக்கிறார்களா என்று கேட்பார்களாம். அன்று முதல் வியாழன்தோறும் சாப்பாட்டு அறையில் ஜர்னல் கிளப். ஒரு சிஸ்டர் எழுந்து கட்டுரையை அலசுவார், மற்றவர்கள் மசால் வடை சாப்பிடுவார்கள்.

அலசல் என்றால் பயந்துவிட வேண்டாம். தலைப்பு நன்று, நோக்கம் தெளிவு, முடிவு பயனுள்ளது என்று வரிசையாகப் பாராட்டிவிட்டு, குறை சொல்லியே தீர வேண்டிய இடத்தில் 'சாம்பிள் கம்மி' என்று சொல்லி உட்கார வேண்டும். அதாவது, ஆய்வில் சேர்த்துக்கொண்ட ஆட்கள் போதாது. எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும், எவர் மனதும் நோகாது. நர்சிங் சூப்பரின்டெண்ட் சந்திரகலாவுக்கு மிகவும் பிடித்த குறை அது.

ஷைனியின் முறை வந்தபோது அவள் கையில் கொடுக்கப்பட்ட கட்டுரை, 'பன்னிரண்டு மணி நேரப் பணியும் செவிலியர் மனநிறைவும்'. தேர்ந்தெடுத்தவர் மருத்துவமனையின் நிர்வாக இயக்குநர், எம்.டி. சுப்பராயன். அன்று அவரே வந்து உட்காரப்போகிறாராம். எட்டு மணி நேர டூட்டிக்கு வேட்டு வைக்கத்தான் இந்தக் கட்டுரை என்பது வார்டு ஆயாவுக்குக்கூடத் தெரியும்.

எட்டு மணி நேரம் என்பது ஷைனிக்குக் குடும்பம். கணவன் ஜெரால்டுக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. பொன்னேரியை அடுத்த ஆரணி பேருந்து நிறுத்தத்தில் ஷைனி இறங்குவாள். ஜெரால்ட் கம்பெனி பஸ்ஸில் ஏறுவான். நடுவில் மூன்று வயது பிரின்சி கைமாறுவாள். வார்டில் நோயாளியை ஒப்படைப்பது போலத்தான் அதுவும் நடக்கும்.

"ஜுரம் இல்ல. ரெண்டு இட்லி துன்னா. வெளிய போவல," என்பான் ஜெரால்ட், ஒரு கால் பஸ் படியில் இருக்கும்போதே.

பன்னிரண்டு மணி நேரம் என்று ஆகிவிட்டால் அந்தக் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை கிடையாது.

ஷைனி கட்டுரையை வரி விடாமல் படித்தாள். முப்பது நர்சுகளில் இருபத்தொன்பது பேருக்கு முழு மனநிறைவு. நட்சத்திரக் குறி போட்ட புள்ளிவிவரம், வண்ண வண்ண வரைபடம். மூன்றாம் பக்கத்தில் யாரும் பார்க்காத மூலையில் ஒரு வரி: ஆய்வு தொடங்கியபோது நாற்பத்தெட்டு பேர், இடையில் வேலையை விட்டுச் சென்ற பதினெட்டு பேர் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிடிக்காதவர்கள் எல்லாம் ஓடிய பிறகு மிச்சம் இருப்பவர்களிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை அதைச் சொல்லத்தான் எழுந்தாள். "சார், இதுல ஒரு முக்கியமான குறை..." என்று ஆரம்பித்ததும் சந்திரகலா அவள் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"சாம்பிள் கம்மின்னு சொல்லி முடிச்சுடும்மா. பன்னெண்டு மணி நேரத்த அவரே வுட்டுடுவாரு," என்றார் காதோரமாக.

ஷைனிக்கும் அது சுலபமாகத் தோன்றியது. வேலை நடந்தால் சரி, உண்மை எதற்கு? "சாம்பிள் கம்மி சார். முப்பது பேர வெச்சு முடிவு பண்ண முடியாது," என்றாள்.

சுப்பராயன் யோசித்தார், தலையாட்டினார், வடையை எடுத்துக்கொண்டார். ஷைனி அன்று பேருந்து நிறுத்தத்தில் பிரின்சியைத் தூக்கிச் சுற்றினாள்.

அடுத்த வியாழன் அவர் வேறொரு கட்டுரையோடு வந்தார். "கம்மின்னு சொன்னீங்களே சிஸ்டர், இந்தாங்க. நானூறு பேரு. தொண்ணூத்தாறு பர்சன்ட் திருப்தி. இப்ப இன்னா சொல்றீங்க?"

ஷைனிக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. கதவைத் திறந்துவிட்டதே அவள்தான். நேராக மூன்றாம் பக்கம் போனாள். அங்கேயும் அந்த வரி இருந்தது.

"சார், ஆரம்பிக்கும்போது அறுநூறு பேரு. எரநூறு பேரு வேலைய வுட்டு நின்னுட்டாங்க. அவங்கள யாருமே கேக்கல. போன கட்டுரைலயும் பதினெட்டு பேரு அப்படித்தான் போயிட்டாங்க. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அறையில் மெல்லும் சத்தம் நின்றது. சுப்பராயன் மட்டும் கலங்கவே இல்லை.

"போனவங்க போயிட்டாங்க. இருக்கறவங்க சந்தோஷமா கீறாங்கல்ல? நமக்கு இருக்கறவங்கதானேம்மா முக்கியம்!"

முதல் தேதியிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் என்றார். சந்திரகலா வடைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பேருந்து நிறுத்தத்தில் ஜெரால்ட் வழக்கம்போல ஆரம்பித்தான். "ஜுரம் இல்ல. தயிர்சாதம்..."

"நான் நின்னுடறேன்," என்றாள் ஷைனி.

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவன் ஏறாமல் அவள் முகத்தைப் பார்த்தான். "சரி, வுடு. பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினான். வேலையை விட்ட துக்கத்தைவிட, முதல் வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டதுதான் அவளை அதிகம் வாட்டியது.

சில மாதம் கழித்து, பொன்னேரியில் ஒரு சின்ன கிளினிக்கில் ஷைனி ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது பழைய வார்டுத் தோழி சுகிர்தா போன் செய்தாள்.

"அக்கா, விஷயம் தெரியுமா? நம்ம ஆஸ்பத்திரிலயே ஆராய்ச்சி பண்ணிட்டாங்க. நூத்துக்கு நூறு திருப்தியாம். எம்.டி. பேரு போட்டுக் கட்டுரையா வரப்போவுது."

"என்னைக் கேக்கவே இல்லியேடி."

"என்னையும்தான் கேக்கல. நானும் போன வாரமே நின்னுட்டேன். அருணா, தமிழ்செல்வி, எல்லாருந்தான். நின்னவங்கல்லாம் கணக்குல வரமாட்டாங்களாம்."

ஷைனி ஊசியைத் தட்டில் வைத்தாள். "குறைன்னு ஒண்ணு எழுதணுமே, இன்னா எழுதினாங்க?"

"வேற இன்னா? சாம்பிள் கம்மி."

ஷைனி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏன் கம்மின்னு எழுதலையா?" என்று கேட்டாள்.