தங்கை போட்ட திட்டம்

குளிர்பதனக் கிடங்கில் வேலை முடிந்து அவன் வீடு திரும்பியபோது சமையலறைக் கதவில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'அண்ணனின் இலக்குகள்' என்று இருந்தது. அதற்குக் கீழே பச்சையும் சிவப்புமாக என்னென்னவோ எழுதியிருந்தது. அவன் அதைப் படிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றப் பார்த்தான். பகல் முழுக்க உறைந்த பெட்டிகளைத் தூக்கி அடுக்கிய விரல்களுக்கு ஷூ லேஸ் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்த வாக்கில் இருந்தான்.

"படிச்சியா?" என்று தங்கை உள்ளிருந்து வந்தாள்.

"யாரோட அண்ணன்?"

"எனக்கு எத்தனை அண்ணன் இருக்காங்க? ஒண்ணே ஒண்ணு. அதுவும் ஷூவைக் கழட்டாம தூங்குது." அவள் கீழே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். "அட்மிஷன் கிடைச்சாச்சுடா அண்ணா. மாலைக் கல்லூரி. மெக்கானிக்கல். உனக்குப் பிடிச்சதுதான்."

அவள் விண்ணப்பம் போட்டது அவனுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதித் தூக்கத்தில் இருந்தவனை எழுப்பி, கையெழுத்துப் போடச் சொன்னாள். கூரியர்காரனுக்குப் போடுவதுபோல் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

"நிஜமாவே கிடைச்சிடுச்சா பாப்பா?" என்றான். குரலில் சந்தோஷத்தை வரவழைக்க முயன்றான். தங்கைக்கு அது போதுமானதாக இருந்தது.

தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்த அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு தாளை உரக்க வாசித்தாள். தினமும் கணக்கு. தினமும் ஆங்கிலம். எல்லாப் பாடத்திலும் முதல் வகுப்பு. கடைசி வருஷம் நல்ல கம்பெனியில் வேலை. பிறகு சொந்தத் தொழில்.

"கல்யாணத்தை விட்டுட்டியேடி."

"பின்பக்கம் இருக்கும்மா. முன்னாடி இடம் பத்தல."

அவன் பள்ளிப்படிப்பை முடித்த கோடையில்தான் அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மாவின் தையலை மட்டும் நம்பி மூன்று பேர் இருக்க முடியாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "ஒரு வருஷம் மட்டும்" என்று அவனே சொல்லிக்கொண்டு கிடங்கில் சேர்ந்தான். அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. அதற்குள் தங்கை பள்ளி முடித்து, மருந்தியல் படித்து, மருத்துவமனை மருந்தகத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். அவனுக்கு முன்நெற்றியில் முடி பின்வாங்கத் தொடங்கியிருந்தது. 'தங்கச்சியைப் படிக்கவெச்ச அண்ணன்' என்று உறவுக்காரர்கள் நடுவில் அவனுக்குப் பெயர். "எனக்குக் கிடைச்ச ஒரே பட்டம் அதுதாம்மா" என்று அவன் ஒருமுறை சொன்னான். அம்மா சிரிக்கவில்லை.

கல்லூரி திறப்பதற்கு முன்னிருந்த வாரங்களில் தங்கை ஓயவே இல்லை. பை வாங்கினாள். கால்குலேட்டர் வாங்கினாள். வேலை முடிந்து அவன் வந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, தன் பழைய பாடப்புத்தகத்தைத் திறந்து வைப்பாள். அவளும் நாளெல்லாம் கவுண்டரில் நின்றுவிட்டு வந்தவள்தான். கணுக்கால் வீங்கியிருக்கும். ஒரு காலை இன்னொரு நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டே சொல்லிக்கொடுப்பாள்.

"இதை எப்படிச் சுருக்குவே?"

"கத்தரிக்கோல் கொண்டா."

"ஜோக் அடிக்கறதுக்கு மட்டும் தெம்பு இருக்கு."

பள்ளியில் அவன் கணக்கில் கெட்டிக்காரன். ஒரு காலத்தில் பார்த்ததுமே விடை தெரிந்த கணக்குகள், இப்போது எங்கோ பார்த்து மறந்துபோன முகங்களைப்போல் இருந்தன. வகுப்புக்கு நேரம் ஒத்துவருவதற்காகக் கிடங்கில் அதிகாலை ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டான். சூப்பர்வைசர் ஒரு பேச்சுப் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். அந்த ஷிப்டை யாரும் விரும்பிக் கேட்டு அவர் பார்த்ததில்லை.

பிறகு அறிமுக நாள் வந்தது. பெரிய கூடம். முன்வரிசை முழுக்கப் பள்ளியிலிருந்து நேராக வந்த பிள்ளைகள். அவன் உள்ளே நுழைந்ததும் அவர்களில் ஒருத்தி எழுந்து நின்று "குட் ஈவினிங் சார்" என்றாள். அவள் பக்கத்திலிருந்த நான்கைந்து பேரும் எழுந்துவிட்டார்கள். "நானும் ஸ்டூடன்ட்தாம்மா, உட்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனான். காது சுட்டது.

மாணவர் ஆலோசகர் என்று ஒரு பெண் மேடையில் பேசினாள். இலக்கு இல்லாத படிப்பு விலாசம் இல்லாத பயணம் என்றாள். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் ஆசையைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தயக்கமே இல்லாமல் சொன்னார்கள். ஒருவன் பந்தயக் கார் வடிவமைப்பானாம். ஒருத்தி விண்வெளி ஆராய்ச்சிக்குப் போவாளாம். ஒரு பையன், எப்படியாவது பாஸானால் போதும் என்றான். கூடமே கைதட்டியது.

மைக் அவனிடம் வந்தது. அவன் எழுந்து நின்றான். தனக்குள் தேடிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. பயமோ கூச்சமோ இல்லை. தேடிய இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில், சமையலறைக் கதவில் தினமும் கண்ணில் பட்டதை அப்படியே ஒப்பித்தான். முதல் வகுப்பு, நல்ல கம்பெனி, சொந்தத் தொழில். ஆலோசகர் முகம் மலர்ந்து, "பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்காரு!" என்றாள்.

கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தான். அவன் போக வேண்டிய பஸ் வந்து நின்றது, போனது. அடுத்ததும் வந்து போனது. ஏறுவதற்கு எழுந்திருக்க வேண்டுமே என்று இருந்தது.

வீட்டில் தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். "எப்படி இருந்தது? என்ன கேட்டாங்க?"

"என் லட்சியம் என்னன்னு கேட்டாங்க. நீ எழுதினதைச் சொன்னேன்."

"சூப்பர்!"

"நீ எழுதினதைச் சொன்னேன் பாப்பா" என்றான் மறுபடியும்.

அவள் சிரிப்பு நின்றது. "அப்படின்னா? உனக்கு இஷ்டம் இல்லையா? சின்ன வயசுல மெக்கானிக்கல் மெக்கானிக்கல்னு குதிச்சது யாரு?"

"அவன் வேற ஆளு. அவனுக்குப் பதினேழு வயசு. காலைல எழுந்தா முதுகு வலிக்காது."

"நான் கஷ்டப்பட்டு இவ்வளவு ஏற்பாடு பண்ணி..."

"நான் கேட்டேனா?"

அம்மாவின் தையல் இயந்திரம் சட்டென்று நின்றது. தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு உடைந்துவிட்டாள். "கவுண்டர்ல கை வெடிப்புக்குக் களிம்பு கேட்டு யாராவது வந்தா எனக்கு உன் கைதான்டா ஞாபகம் வருது. நான் வெள்ளைக் கோட்டு போட்டு ஏசியில நிக்கறேன். நீ இன்னும் அங்கேயே பெட்டி தூக்கறே. எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

அவனுக்கு இரக்கம்தான் வந்தது. ஆனால் களைப்பு அதை முந்திக்கொண்டு பேசியது.

"அப்போ நான் படிச்சா உன் மனசு ஆறும். உன் மனசு ஆறறதுக்கு நான் இன்னும் நாலு வருஷம் தூங்காம இருக்கணும். அப்படித்தானே?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று அவன் காதில் விழுந்தது. தங்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா அவனைப் பார்த்தாள்.

"அவளும் ஓடிட்டேதான்டா இருக்கா. உட்காரச் சொல்லி யாரும் அவகிட்டயும் சொல்லல" என்றாள். பிறகு இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் கிடங்கில் வேலை ஓடவில்லை. அங்கே பெட்டிகளைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுபவரை எல்லாரும் 'பைலட்' என்று கூப்பிடுவார்கள். வளைவுகளில் அவர் திரும்பும் வேகம் அப்படி. இடைவேளையில் வெளிச்சுவர் ஓரம் வெயிலில் நின்றபோது அவரிடம் கேட்டான்.

"பைலட், உங்களுக்கு என்ன ஆசை?"

"எப்போ?"

"பொதுவா. வாழ்க்கையில."

அவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே யோசித்தார். "முன்னாடி நிறைய இருந்தது தம்பி. இப்போ முட்டி வலிக்காம மாடிப்படி ஏறினா போதும்." பிறகு தன் கையை நீட்டிக் காட்டினார். சூடான கோப்பையைப் பிடித்திருந்த விரல்களில் இரண்டு முழுவதும் மடங்கவில்லை. "இது குளிர்ல வந்தது. வெயில்ல போகாது."

அதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோல் சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார். அவன் தன் விரல்களை மடக்கிப் பார்த்தான். மடங்கின. காலையில் மட்டும் கொஞ்ச நேரம் ஆகும்.

விடுமுறை நாளன்று அவன் வழக்கம்போல் மதியம்வரை தூங்கவில்லை. எழுந்து, அம்மாவின் தையல் அளவு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான். தனக்கு என்ன வேண்டும் என்று எழுதப் பார்த்தான். 'சொந்தத் தொழில்' என்று எழுதி அடித்தான். 'நல்ல கம்பெனி' என்று எழுதி அதையும் அடித்தான். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்தவள் காயப்போட்டு முடித்துப் போய்விட்டாள். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது. 'என் கை கெடறதுக்கு முன்னாடி அந்தக் குளிரைவிட்டு வெளியே வரணும்.' எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தான். யாரும் கைதட்டக்கூடிய ஆசை அல்ல. ஆனால் பொய் இல்லை. அடிக்கத் தோன்றவில்லை.

வெளியே வர ஒரு வழி வேண்டும். இப்போதைக்கு அவனுக்குத் திறந்திருந்த வழி அந்தக் கல்லூரி ஒன்றுதான். ஆனால் தங்கை திட்டம் போட்ட வேகத்தில் அவனால் ஓட முடியாது. முதல் மாதமே விழுந்துவிடுவான் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை ஷிப்டு முடிந்ததும் நேராகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனான். கவுண்டரில் இருந்த எழுத்தர் கணினியைப் பார்த்துக்கொண்டே "சொல்லுங்க" என்றார்.

"சார், எல்லாப் பாடமும் ஒண்ணா எடுக்காம, கொஞ்சம் கொஞ்சமா எடுக்க முடியுமா?"

"பகுதிநேரமா? எடுக்கலாம். ஒரு பருவத்துக்கு ரெண்டு பாடம். ஆனா முடிக்க ரொம்ப வருஷம் ஆகும். பாதிப் பேரு நடுவுலயே விட்டுடுவாங்க."

"ஆகட்டும் சார். நான் படிச்சாலும் படிக்காட்டாலும் அந்த வருஷமெல்லாம் போகத்தானே போகுது."

எழுத்தர் முதல்முறையாகத் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார். "எந்த ரெண்டு பாடம்?"

கணக்கையும் பொறியியல் வரைபடத்தையும் எடுத்தான்.

தங்கையிடம் சொன்னபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. "இப்படி ஊர்ந்தா நீ முடிக்கறப்போ உனக்கு நாப்பது தாண்டிடும்" என்றாள்.

"தாண்டட்டும்."

"பெரிய பெரிய பிளான் எல்லாம் போட்டேன்."

"தெரியும் பாப்பா. அன்னிக்கு நான் பேசினது தப்பு. ஆனா உன் பிளான்ல நான் தூங்கறதுக்கு இடமே இல்ல."

அவள் ஒரு தட்டை வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் தேய்த்தாள். "நீ என்மேல கோவத்துலதானே குறைச்சே?"

"இல்ல. உனக்காகச் சேர்ந்தா நான் ஆறு மாசத்துல நின்னுடுவேன். இது எனக்காக."

"எனக்காகச் செய்யறது உனக்குப் புதுசா என்ன?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அவன் அவள் பக்கத்தில் போய் நின்றான். துண்டை எடுத்து, அவள் கழுவி வைத்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினான். அடுத்த சில நாட்கள் வீட்டில் 'சாப்பிட்டியா', 'ம்' என்கிற அளவில்தான் பேச்சு ஓடியது.

வகுப்பு தொடங்கிய நாளன்று அவன் கிடங்கின் கழிப்பறையிலேயே முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான். விரிவுரையாளர் அவனைவிட இளையவர். அணிகளைப் பற்றி நடத்தினார். எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, இரண்டு அடுக்குகளைக் கூட்டிக் காட்டினார். பெட்டிமேல் பெட்டி வைப்பதுபோல அது அவனுக்குப் புரிந்தது. பெருக்கலுக்கு வந்ததும் தடம் தவறியது. முன்னால் இருந்த பிள்ளைகள் சரசரவென்று எழுதிக்கொண்டே போனார்கள். அவனும் புரியாமலே எழுதிக்கொண்டான். அறிமுக நாளன்று எழுந்து நின்று வணக்கம் சொன்ன பெண் திரும்பிப் பார்த்து, "சார், உங்ககிட்ட அழிரப்பர் இருக்கா?" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "அண்ணா" என்று திருத்திக்கொண்டாள். அவன் ரப்பரைக் கொடுத்தான்.

வெளியே வந்தபோது பஸ் ஸ்டாப்பில் தங்கை நின்றிருந்தாள். மருந்தகத்தின் வெள்ளைக் கோட்டு கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. அவள் வேலைசெய்யும் மருத்துவமனை இந்தப் பக்கமே இல்லை.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றாள்.

"சரி" என்றான்.

இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. பஸ் கொஞ்ச தூரம் போனதும், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள். "என்ன நடத்தினாங்க?"

"அணிகள். கூட்டல் புரிஞ்சுது. பெருக்கல் புரியல."

"அதுல என்ன இருக்கு? முதல் அடுக்குல குறுக்கு வரிசையை எடுத்துக்கோ. ரெண்டாவதுல செங்குத்து வரிசையை எடு. ஒண்ணோட ஒண்ணு பெருக்கிக் கூட்டிக்கிட்டே..." அவள் விரலால் முன்சீட்டின் முதுகில் கோடு போட ஆரம்பித்தாள். அவன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது கோடு வரைக்கும் கூடவே போக முடிந்தது.

"பாப்பா, நாளைக்குச் சொல்லிக்குடு. இன்னிக்கு இவ்வளவு போதும்."

அவள் விரல் பாதிக் கோட்டில் நின்றது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, நாளைக்கு" என்றாள்.

அவர்கள் இறங்க வேண்டிய இடம் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அதுவரை இருவரும் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.