பூவிழியின் தாய்மாமன்

எங்கள் ஊரில் பனிமனிதனுக்கு மூக்கு வைக்கும்போது, அவன் நமக்கு என்ன உறவு என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் யார் வீட்டுக்கும் சொந்தமில்லாமல் தெருவில் அலைந்து போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்வான். சொல்லிவிட்டால் அந்த உறவுக்குத் தக்கபடி நடந்துகொள்வான். மற்றபடி அமைதியான ஊர். வருடத்தில் பாதி பனி, மீதி பனியைப் பற்றிய பேச்சு.

நான் சங்கரலிங்கம். இங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். மனைவி கோமதிக்கு மருந்துக்கடையில் வேலை. மகள் பூவிழிக்கு மூன்று வயது. திருநெல்வேலி வெயிலில் காய்ந்துவிட்டு வந்தவர்கள் என்பதால், முதல் குளிர்காலம் முழுக்க எங்களுக்கு ஒரே வேலைதான். பூவிழிக்கு உள்சட்டை, மேல்சட்டை, கம்பளிச்சட்டை, அதற்கு மேல் கோட்டு, தொப்பி, கையுறை, பூட்ஸ் எல்லாம் மாட்டிவிட்டு வாசல் கதவைத் திறப்போம். "அம்மா, மூச்சா" என்பாள். எல்லாவற்றையும் கழற்றுவோம். அதற்குள் இருட்டிவிடும். பனிமனிதன் செய்ய நேரம் ஏது?

இரண்டாவது குளிர்காலத்தில் விவரமாகிவிட்டோம். முதலில் மூச்சா, பிறகுதான் சட்டை. அப்படி மிச்சமான ஒரு பகலில் மூவருமாக முற்றத்தில் ஒருவனை உருட்டி நிறுத்தினோம். நல்ல அகலமான ஆள். பக்கத்து வீட்டு ஹெல்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவர் கால்நடை மருத்துவர்.

"தெரிந்தவர் என்று சொல்லிவிடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான். தொந்தரவே இல்லை" என்றார்.

உண்மைதான். அவர் வீட்டுத் தெரிந்தவர் காலையில் தொப்பியை லேசாகத் தூக்குவார், மாலையில் ஒருமுறை தூக்குவார். வசந்தம் வந்ததும் நன்றி சொல்லி உருகிவிடுவார். எனக்கும் அது சரியாகப்பட்டது. ஆனால் கேரட் கோமதியின் கையில் இருந்தது.

கோமதிக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அப்பாவும் அம்மாவும் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணமான வருடம் ஆடி பிறந்தபோது, திருநெல்வேலியில் எங்கள் தெருவில் புதுசாக வாழ வந்த பெண்களையெல்லாம் பிறந்த வீட்டிலிருந்து வந்து அழைத்துப் போனார்கள். கோமதி மாடியில் துணி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டு நின்றாள். "நமக்கு இந்த அலைச்சலே இல்லப்பா" என்று சிரித்தாள். நானும் மடையன் மாதிரி கூடச் சிரித்தேன்.

அவள் கேரட்டை அழுத்தி வைத்துவிட்டு, தெருவே கேட்கும்படி, "இது எங்க அண்ணன்" என்றாள்.

ஹெல்கா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அவருக்கு அண்ணன் என்றால் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிற ஆள். நம் ஊர் அண்ணனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்!

மறுநாள் காலை கதவைத் திறந்ததுமே குரல் வந்தது. "ஏ மாப்ள, வந்தவன வான்னு கேக்க இந்த வீட்டுல ஆளே இல்லியா?"

"வாங்க மச்சான்" என்றேன். வேறென்ன சொல்ல?

அன்றிலிருந்து எனக்கு மரியாதை குறைந்தது. மச்சான் என் பேருந்தின் டயரைப் பார்த்துக் குறை சொன்னார். நான் பனி தள்ளுகிற விதம் சரியில்லை என்றார். "எந்தங்கச்சி கையி என்ன இப்பிடி மெலிஞ்சு கெடக்கு? அரிசியே வாங்குறதில்லியா?" என்று தெருவில் போகிறவர்கள் முன்னால் கேட்டார். தினமும் ஒரு தம்ளர் காபியை நன்றாக ஆறவைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொஞ்சம் சூடாக இருந்தாலும் கோபித்துக்கொள்வார். குளிரில் இட்லி மாவு புளிக்கவில்லை என்று கோமதி சொன்னால், அதற்கும் நான்தான் காரணம்.

வேலையிலிருந்து வந்ததும் கோமதி நேராக அவரிடம் போய்விடுவாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னைப் பற்றிப் புகார் வாசிப்பாள். ஈரக் கையுறையைச் சோபாவில் போட்டது, பூவிழிக்கு இரவில் சாக்லேட் கொடுத்தது, எதையும் விடமாட்டாள். சொல்லி முடித்துவிட்டு உள்ளே வரும்போது அந்த முகத்தில் ஒரு தெளிவு இருக்குமே, அதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது.

பூவிழிக்கு அதுவரை காது குத்தவில்லை. உட்காரவைக்கத் தாய்மாமன் மடி இல்லை என்பதுதான் காரணம். இப்போது மாமனே வாசலில் நிற்கிறார். பங்குனியில் பனி உருகுவதற்கு முன்னால் ஒரு நல்ல நாள் பார்த்தோம். காது குத்துவதில் இந்த ஊரில் ஹெல்காவுக்கு இருக்கும் அனுபவம் யாருக்கும் இல்லை. சுற்றுவட்டாரத்துப் பசுக்களுக்கெல்லாம் காதில் அடையாள வில்லை மாட்டுகிறவர் அவர்தான். நான் வேலியோரம் போய் அவரைக் கூப்பிட்டேன். வருகிறேன் என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மச்சான் எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றிருந்தார்.

தப்பு என்னுடையதுதான். விசேஷத்துக்கு முதல் அழைப்பு தாய்மாமனுக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, கும்பிட்டுக் கூப்பிட வேண்டும். நான் மாட்டு டாக்டரை முதலில் கூப்பிட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில், மனத்தாங்கலோடு இருக்கும் பனிமனிதன் உருகமாட்டான். அவன் உருகாதவரை குளிர்காலமும் கிளம்பாது. ஒருவரைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது அதற்கு வழக்கமில்லை. நல்ல நாள் தள்ளிப்போனது. பங்குனி போனது, சித்திரையும் போனது. தெற்கிலிருந்து திரும்பிய வாத்துகள் எங்கள் கூரைக்கு மேல் ஒரு வட்டம் அடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊரில் போய்க் காத்திருந்தன. ஹெல்கா வீட்டுத் தெரிந்தவர், இவ்வளவு நாள் தங்கிவிட்டோமே என்ற கூச்சத்தில் தொப்பியைத் தூக்கிய கையை இறக்கவே இல்லை. பள்ளித் தலைமையாசிரியை என் பேருந்துக்குப் பக்கத்தில் வந்து, "உங்கள் மைத்துனருக்கு இப்போது கோபம் எப்படி இருக்கிறது?" என்று விசாரித்தார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் கோமதி மறித்தாள். "இப்ப என்ன அவசரம்? அண்ணனுக்குக் கோவம் ஆறட்டும்" என்பாள். ஆனால் சாயந்திரம் அவரிடம் போய், "ஒங்க மாப்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லண்ணே. நல்லா தின்னுட்டு ஒறங்குதாரு" என்று ஏற்றிவிட்டு வருவாள். ஒருநாள் நான் ஜன்னலோரம் நின்று அதைக் கேட்டுவிட்டேன்.

உள்ளே வந்தவளிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"ஆமா, நாந்தான் ஏத்திவிடுதேன். சமாதானமாயிட்டா உருகிப் போயிருவாரு. எனக்குன்னு ஒரு ஆளு இப்பதான வந்து நிக்கி? அதையும் நானே அனுப்பி வைக்கணுமா?"

வெற்றிலைத் தட்டை அலமாரியில் தூக்கி வைத்தேன். மறுநாள் மே மாதத்துப் பனியில் பேருந்தை ஓட்டிக்கொண்டு போனேன்.

பூவிழிதான் ஒருநாள் முற்றத்திலிருந்து ஓடிவந்தாள். "அம்மா, மாமாவுக்குக் கால் வலிக்குதாம். வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்காங்களாம். உக்காரணுமாம்."

கோமதி ஜன்னல் வழியாக அந்த முதுகை ரொம்ப நேரம் பார்த்தாள். அழுதாள், மூக்கைச் சிந்தினாள். பிறகு அவளே தட்டை எடுத்து வெற்றிலை பாக்கு வைத்து என் கையில் கொடுத்தாள். "போங்க. மொறையா கூப்பிடுங்க" என்றாள்.

நான் தெருப்பக்கம் சுற்றிப் போய் அவர் முகத்துக்கு எதிரே நின்றேன்.

"மச்சான், எம்மேலதான் தப்பு. ஒங்களத்தான் மொதல்ல கூப்பிட்டிருக்கணும்."

தட்டைப் பிடித்த கை குளிரில் மரத்துப்போகும்வரை நின்றேன்.

"அந்தப் பொம்பள மாட்டு டாக்டராமே?" என்றார் கடைசியில்.

"ஆமா மச்சான்."

"கைராசி எப்படி?"

"மாடெல்லாம் சௌக்கியமா இருக்கு மச்சான்."

தட்டை வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை முழுக்க மண்வெட்டியோடு நின்று அவருக்கு மடி செய்தேன். முற்றத்துப் பனி கொஞ்சம் போதவில்லை. ஹெல்கா வீட்டுத் தெரிந்தவர் தன் இடுப்பிலிருந்து இரண்டு கை அள்ளிக்கொள்ளச் சொன்னார். மச்சான் அப்பாடா என்று உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் நிஜமாகவே பாசம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூவிழியை அந்த மடியில் உட்காரவைத்தோம். சீர்த்தட்டில் மச்சான் ஒரு ஜோடித் தோடு வைத்திருந்தார். சுத்தமான பனிக்கட்டித் தோடு. ஹெல்கா ஒரே நிமிடத்தில் வேலையை முடித்தார். பூவிழி ஒருமுறை வீறிட்டுவிட்டுச் சாக்லேட்டை வாங்கிக்கொண்டாள். மச்சான்தான் அழுகையை நிறுத்தவில்லை. அழ அழ இளைத்தார். சர்க்கரைப் பொங்கல் பரிமாறுவதற்குள் மடி போய்விட்டது.

"போயிட்டு வாங்கண்ணே" என்றாள் கோமதி, துண்டால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"வாறேன், கோமு" என்றார். கேரட் மட்டும் மிஞ்சியது. அதை அவள் கழுவி ஃப்ரிட்ஜில் வைத்தாள். மறுநாள் வாத்துகள் இறங்கின.

அந்தத் தோடு இன்னும் உருகவில்லை. காது ஆறுவதற்கு அதுதான் நல்லது என்று ஹெல்கா சொல்கிறார்.

ஜூலை மாதம் ஒரு மத்தியானம், பனியன் நனைய நான் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் வாசலில் மட்டும் பனி பெய்தது. நிமிர்ந்து பார்த்தேன். மூக்கில்லாமல் மச்சான் நின்றார். அவருக்குப் பின்னால் வண்டி அகலத்துக்கு ஒரு பனிப்பாதை தெருக்கோடியைத் தாண்டி வடக்கே போனது.

"மாப்ள, ஆடி பொறந்தாச்சு. தங்கச்சியக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

கோமதி ஃப்ரிட்ஜைத் திறந்து கேரட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கம்பளித்துணி அடுக்கிய அவள் பெட்டி ஆனி மாதத்திலிருந்தே கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. பூவிழிக்கு உள்சட்டை, மேல்சட்டை, கம்பளிச்சட்டை, கோட்டு, தொப்பி, கையுறை, பூட்ஸ் எல்லாம் மாட்டியாயிற்று.

"அம்மா, மூச்சா" என்றாள்.

எல்லோரும் காத்திருந்தோம். பனியும் காத்திருந்தது.

அவர்கள் போன பிறகு வாசலைப் பெருக்கிவிட்டு மறுபடி குழாயைத் திறந்தேன். ஹெல்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"வீட்டில் யாரும் இல்லையா?"

"கோமதி பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள்" என்றேன்.